ஃப்ரீமான்ட் கார் ஆலை: தொழிலாளர்கள் மாறவில்லை, நிர்வாகம் மாறியது

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஒரு கார் ஆலையைத் திறந்து, இருபது ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1982இன் தொடக்கத்தில் அதை இழுத்து மூடியது. மூன்று ஆண்டுகளுக்குள் அதே கட்டடத்தில், அதே தொழிற்சங்கத்துடன், பெரும்பாலும் அதே தொழிலாளர்களைக் கொண்டு, டொயோட்டாவின் நிர்வாகத்தில் மீண்டும் கார்கள் தயாராகத் தொடங்கின. ஜெனரல் மோட்டார்ஸின் வேறு எந்த ஆலையும் எட்டாத தரத்தை அந்தக் கார்கள் எட்டின. மோசமான நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்போது, கோளாறு ஆட்களிடமா, அவர்களை நடத்துகிறவர்களிடமா என்பதைப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. ஏனெனில் பொதுவாக இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. ஃப்ரீமான்டில் ஆட்கள் அப்படியே இருக்க, நிர்வாகம் மட்டுமே மாறியது. மேற்பார்வையாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி தேவையா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான நிகழ்வைத் தொழில்துறை வரலாற்றில் காண்பது அரிது என்று நான் கருதுகிறேன்.

மூடப்பட்ட ஆலை

1978இல் இந்த ஆலையில் 7,200 பேர் வேலை செய்தார்கள். உற்பத்தித் திறனில் ஜெனரல் மோட்டார்ஸின் கடைநிலை ஆலைகளில் ஒன்றாக அது இருந்தது. வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்ததால், ஒவ்வொரு நாளும் லைன் (கார் நகர்ந்தபடியே பாகங்கள் பொருத்தப்படும் வரிசை) ஓடுவதற்காக மட்டும் தேவைக்கு மேல் 20 விழுக்காடு ஆட்களை நிர்வாகம் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தது. வேலை நேரத்திலேயே குடியும் போதைப்பொருளும் புழங்கின. கார் கதவின் உட்பகுதிக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிட்டு, வாங்கியவர் வண்டி ஓட்டும்போது அது உருண்டு சத்தம் எழுப்பட்டும் என்று விட்டதை, அங்கே வேலை செய்தவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1963 முதல் 1982 வரை, சங்கத்தின் அனுமதி இல்லாத திடீர் வேலைநிறுத்தங்களாலும் கூட்டாக எடுத்த நோய் விடுப்புகளாலும் ஆலை நான்கு முறை முடங்கியது. தீர்க்கப்படாமல் தேங்கிய புகார் மனுக்கள் பல சமயங்களில் 5,000ஐத் தாண்டின.

இந்தப் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, அங்கே பொறுப்பற்ற ஆட்கள் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான். நிறுவனத்தின் மேல்மட்டத்திலும் அந்த எண்ணமே நிலவியது. ஆனால் லைன் எப்படி நடத்தப்பட்டது என்று பார்த்தால் படம் வேறாகிறது. அந்த ஆலையில் மீறக்கூடாத ஒரே விதி, லைன் நிற்கக் கூடாது என்பது. ஒரு போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை என்றாலும், தவறான பாகம் பொருத்தப்பட்டுவிட்டது என்றாலும், முன்னால் நிற்கும் தொழிலாளி அதைத் தன் கண்ணால் பார்த்தாலும், கார் நகர்ந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். குறையுள்ள காரின் மேல் ஒரு குறிப்புச் சீட்டு ஒட்டப்படும். கடைசியில் வெளியே வந்து நிற்கும் காரைப் பிரித்து, வேறு ஆட்கள் சரிசெய்வார்கள். அப்படிப் பழுது பார்க்கக் காத்திருந்த கார்களே ஆலை வளாகத்தில் ஓர் இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தன.

இந்த ஏற்பாட்டில், லைனை மேற்பார்வையிடும் ஃபோர்மேன் என்னதான் செய்ய முடியும்? ஒரு ஷிப்டில் எத்தனை கார் வெளியே போயிற்று என்பதைக் கொண்டுதான் அவர் மதிப்பிடப்பட்டார். காலையில் வராத ஆட்களின் இடத்தை யாரையாவது கொண்டு நிரப்புவதும், அதன்பின் லைன் நிற்காமல் காவல் இருப்பதும், யாராவது எதிர்த்துப் பேசினால் ஒழுங்கு நடவடிக்கைச் சீட்டு எழுதுவதும்தான் அவருடைய நாள். திங்கட்கிழமைகளில் ஆள் போதாதபோது எதிரே இருந்த மதுக்கடைக்குப் போய் ஆள் பிடித்து வந்ததாகவும் பழைய தொழிலாளர்கள் சொல்கிறார்கள். வேலையை எப்படிக் கற்றுக்கொடுப்பது, ஒருவருடைய குறையை எப்படிக் கேட்பது, ஒரு சிக்கலின் வேர் எங்கே என்று எப்படித் தேடுவது என்பவை அவருடைய கடமைகளாகவே கருதப்படவில்லை. கருதப்படாத கடமைக்குப் பயிற்சி எங்கிருந்து வரும்? அவர் கொடுமைக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல மனிதரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அவர் காவல்காரராகத்தான் மாறியிருப்பார்.

மறுபடி திறந்தபோது

1983 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் டொயோட்டாவின் எய்ஜி டொயோடாவும் ஃப்ரீமான்டில் ஒரு கூட்டு முயற்சியை அறிவித்தார்கள். ஆலையையும் சுமார் 1.1 கோடி டாலரையும் ஜெனரல் மோட்டார்ஸ் தந்தது; டொயோட்டா 10 கோடி டாலர் போட்டது. அன்றாட நிர்வாகம் முழுவதும் டொயோட்டாவின் கையில் இருக்கும் என்பது ஏற்பாடு. நியூ யுனைடெட் மோட்டார் மானுஃபாக்சரிங் என்ற பெயரின் சுருக்கமாக அதை எல்லோரும் நும்மி என்றே அழைத்தார்கள். பழைய சங்கத்தாரைத் திரும்ப எடுப்பதில் டொயோட்டாவுக்கு மிகுந்த தயக்கம் இருந்தது. அமெரிக்காவின் முன்னாள் தொழிலாளர் துறைச் செயலர் வில்லியம் அஸரி இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். முடிவில், ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. தொடக்கத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் பழைய ஃப்ரீமான்ட் தொழிலாளர்கள். கடுமையானவர்கள் என்று பெயர் எடுத்திருந்த சங்க நிர்வாகிகளும் அவர்களுடன் உள்ளே வந்தார்கள்.

டொயோட்டா அடுத்துச் செய்த காரியம்தான் இந்த ஆய்வின் மையம். முதல் கார் வெளிவருவதற்கு முன்பே, அணித் தலைவர்களையும் குழுத் தலைவர்களையும் தொகுதி தொகுதியாக ஜப்பானுக்கு அனுப்பி, அங்கிருந்த தன் டகாவோகா ஆலையில் சில வாரங்கள் தங்க வைத்தது. அப்படிப் போனவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். வகுப்பறைப் பாடம் கொஞ்சம் இருந்தது. பெரும்பகுதி நேரம் அவர்கள் ஓடும் லைனில், ஜப்பானியத் தொழிலாளிகளின் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். ஒருவர் தடுமாறினால் மேலே தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். இழுத்தவுடன் ஓர் இசைத் துணுக்கு ஒலிக்கும், பலகையில் விளக்கு எரியும், அணித் தலைவர் ஓடிவருவார். வந்தவர் யார் செய்த தவறு என்று கேட்பதில்லை. என்ன சிக்கல் என்று கேட்டு, அவரும் கைகொடுப்பார். கார் அந்த வேலையிடத்தின் எல்லையைத் தாண்டுவதற்குள் சிக்கல் தீர்ந்தால் கயிறு மறுபடி இழுக்கப்பட்டு லைன் தொடரும், தீராவிட்டால் நிற்கும். லைனை நிறுத்தினால் வேலை போகும் என்ற பயத்திலேயே இருபது ஆண்டுகள் கழித்தவர்கள், மேலதிகாரி உதவிக்கு ஓடிவருவதைத் தங்கள் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்து விடைபெறும் விருந்தில் கண் கலங்கியவர்கள் பலர்.

இந்தப் பயிற்சியைத் தயாரிக்க டொயோட்டா ஜப்பானில் பணியமர்த்திய அமெரிக்கர் ஜான் ஷூக், ஃப்ரீமான்டில் முதலில் மாறியது மனப்பான்மை அல்ல, செயல் என்று பிற்காலத்தில் எழுதினார். இது நுட்பமான கருத்து. இன்றைய தலைமைப் பயிற்சிகளில் பெரும்பாலானவை கோட்டைவிடும் இடமும் இதுவே. ஒரு விடுதி அரங்கில் இரண்டு நாள் உட்கார வைத்து, ஊழியரை மதியுங்கள் என்று சொல்லி அனுப்புவதால் மேலாளரின் எண்ணம் மாறும், எண்ணம் மாறினால் நடத்தை மாறும் என்று நம்பப்படுகிறது. நும்மியில் அணித் தலைவருக்கு முதலில் கற்பிக்கப்பட்டது, கயிறு இழுக்கப்பட்டால் சில விநாடிகளில் அங்கே போய் நிற்க வேண்டும், போனதும் இன்னின்னது செய்ய வேண்டும் என்பது. அதை ஒரு நாளில் பலமுறை செய்யும் மனிதருக்குத் தன் ஆட்களைப் பற்றிய மதிப்பு தானாகவே வருகிறது.

பயிற்சியின் வேர்

இந்தப் பயிற்சி முறை ஜப்பானியப் பண்பாட்டின் விளைவு, மற்றவர்களுக்கு ஒத்துவராது என்று அந்த நாளில் பலர் எண்ணினார்கள். உண்மை அதற்கு நேர் எதிரானது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் இலட்சக்கணக்கான புதிய ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களை நடத்தத் தேர்ந்த மேற்பார்வையாளர்கள் போதவில்லை. அதைச் சமாளிக்க அமெரிக்க அரசு 1940இல் தொழிலகப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளால் அறியப்படும் அந்தத் திட்டம் மேற்பார்வையாளருக்கு மூன்று திறன்களைக் கற்பித்தது: வேலையைச் சொல்லிக்கொடுப்பது, வேலை முறையை மேம்படுத்துவது, ஆட்களுடன் உறவை நடத்துவது. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள், மொத்தம் பத்து மணி நேரம். ஒரு வகுப்பில் பத்துப் பேர் அளவில்தான் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தம் ஆலையில் உண்மையில் நடக்கும் ஒரு வேலையை அல்லது ஒரு பிணக்கை வகுப்புக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலையிலும் அதைக் கையாண்டு காட்ட வேண்டும். 1945இல் திட்டம் முடிவதற்குள் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் சான்றிதழ் பெற்றார்கள்.

ஆட்களுடனான உறவைப் பற்றிய பாடத்தில் நான்கு அடிப்படைகள் இருந்தன. வேலை எப்படிப் போகிறது என்பதை ஒவ்வொருவருக்கும் அவ்வப்போது சொல்ல வேண்டும். நல்ல வேலைக்கு உரிய பாராட்டை உடனே தர வேண்டும். ஒருவரைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொருவரின் திறமையையும் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். பிணக்கு வந்தால் முதலில் விவரங்களைத் திரட்டி, சீர்தூக்கி முடிவெடுத்து, செயல்பட்டு, பிறகு விளைவைச் சரிபார்க்க வேண்டும். கற்பித்தலைப் பற்றிய பாடத்தின் அடிநாதம், தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்று பொருள் என்பது. இவற்றில் புதுமை எதுவும் இல்லை என்று தோன்றலாம். ஆயினும் நம்மில் யாருக்காவது, மேலாளராகப் பதவி உயர்ந்த நாளில், இந்த நான்கையும் யாராவது உட்கார வைத்துச் செய்து பழக்கியிருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலோரின் விடை இல்லை என்பதாகவே இருக்கும்.

போர் முடிந்ததும் அமெரிக்காவில் இந்தத் திட்டம் ஏறக்குறைய மறக்கப்பட்டது. அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த ஜப்பானுக்கு அது கொண்டுசெல்லப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் டொயோட்டா அதைத் தன் மேற்பார்வையாளர் பயிற்சியின் அடித்தளமாக்கிக்கொண்டு, பல பத்தாண்டுகள் விடாமல் நடத்தியது. நும்மிக்கான பாடங்களை ஆங்கிலத்தில் ஆக்க ஷூக் திணறிக்கொண்டிருந்தபோது, அவருடன் வேலை செய்த ஜப்பானியர் ஒருவர் பழைய கோப்புகளிலிருந்து மஞ்சளேறிய ஓர் ஆங்கிலக் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். அது அந்தப் போர்க்கால அமெரிக்கத் திட்டத்தின் மூலக் கையேடு. ஃப்ரீமான்ட் ஃபோர்மேன்களுக்கு இருபது ஆண்டுகளாகக் கிடைக்காத பயிற்சி, அவர்களுடைய சொந்த நாட்டில் எழுதப்பட்டதாகவே இருந்தது.

ஏற்பாடுகளும் விளைவும்

பயிற்சி மட்டும் தனித்து நின்றிருந்தால் பலித்திருக்காது. நும்மியில் ஐந்து முதல் ஏழு பேர் வரை ஓர் அணி. அதற்கு ஒரு தலைவர், அவரும் சங்க உறுப்பினரே. சில அணிகளுக்கு மேல் ஒரு குழுத் தலைவர். நிர்வாகத்தின் முதல் படி அவர்தான். சிறிய அணி என்பதால்தான் கயிறு இழுத்தவுடன் ஒருவரால் வந்து நிற்க முடிந்தது. நாற்பது, ஐம்பது பேரைப் பார்க்கும் மேற்பார்வையாளருக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அவரால் அப்படி வர இயலாது. பழைய ஆலையில் 80ஐத் தாண்டியிருந்த வேலைப் பிரிவுகள் ஒரு சிலவாகச் சுருக்கப்பட்டதால், ஆட்கள் ஒருவர் வேலையை மற்றவர் கற்றுக்கொண்டார்கள். அதிகாரிகளுக்குத் தனி உணவறையும் தனி வண்டி நிறுத்துமிடமும் ஒழிக்கப்பட்டன.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலைப் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். நிறுவனத்தின் உயிருக்கே ஆபத்து வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை. அப்படி வந்தாலும் முதலில் உயரதிகாரிகளின் சம்பளம் குறைக்கப்படும், வெளியே கொடுத்த வேலைகள் திரும்பப் பெறப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. 1988இல் நும்மி தயாரித்த செவர்லே நோவா காரின் விற்பனை சரிந்து, ஆலை தன் கொள்ளளவில் 60 விழுக்காட்டுக்கும் கீழே ஓடியபோது, சோதனை வந்தது. யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை; உபரியாக இருந்தவர்கள் பயிற்சியிலும் ஆலைப் பராமரிப்பிலும் ஈடுபடுத்தப்பட்டார்கள். வேலையை எளிதாக்க ஒரு யோசனை சொன்னால் தன் பக்கத்து ஆளின் வேலை போய்விடும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில், எந்தத் தலைவரும் ஆட்களிடமிருந்து யோசனை பெற முடியாது. அந்த ஆண்டு காட்டிய உறுதி, எத்தனை பயிற்சி வகுப்புகளாலும் தர முடியாத நம்பிக்கையை உண்டாக்கியது.

1980களின் நடுவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் செய்த ஒப்பீடு இன்றும் பேசப்படுகிறது. ஒரு காரைப் பொருத்தி முடிக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது, நும்மிக்கு 19, டகாவோகாவுக்கு 16. நூறு கார்களுக்கு நும்மியில் 45 குறைகள், டகாவோகாவிலும் 45, ஃப்ரேமிங்ஹாமிலோ 130க்கு மேல். வேலைக்கு வராமை 3 அல்லது 4 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வளவுக்கும் நும்மியின் இயந்திரங்கள் அன்றைய நிலையில் மிக நவீனமானவை அல்ல.

இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வேலையில்லாமல் இரண்டு ஆண்டுகள் வாடிய பிறகு கிடைத்த வாய்ப்பு என்பதால் தொழிலாளர்கள் இறங்கி வந்திருக்கலாம். தயாரித்த காரும் கொரோலாவின் சாயலில் அமைந்த, நன்கு சோதிக்கப்பட்ட வடிவம். ஆனால் அச்சம் ஓராண்டு வேலை வாங்கும், ஈராண்டு வாங்கும். இருபத்தைந்து ஆண்டுகள் வாங்காது. அங்கே குறைகளும் இருந்தன. வேலையின் வேகம் கடுமையானது என்று சங்கத்துக்குள்ளேயே ஓர் எதிரணி தொடர்ந்து குரல் எழுப்பியது. 1992இல் புதிய மாடலை அறிமுகம் செய்தபோது தொழிலாளர்களுக்கு உடல்வலியும் காயங்களும் பெருகின. மாநிலப் பணிப் பாதுகாப்புத் துறை 1993இல் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. வேலை முறையைச் சீர்செய்யும் அதிகாரம் ஆட்களிடம் இருந்தும், புது மாடலின் அவசரத்தில் அவர்கள் சொன்னதைக் கேட்கத் தலைவர்களுக்கு நேரமில்லாமல் போயிற்று. பயிற்சி பெற்ற தலைவர்களும் நெருக்கடியில் பழைய வழிக்குச் சறுக்கக்கூடும் என்பதற்கு நும்மியே சாட்சி.

ஜெனரல் மோட்டார்ஸ் ஏன் கற்கவில்லை?

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வேதனை தரும் பகுதி இது. தன் சொந்த வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தை வைத்திருந்தும் ஜெனரல் மோட்டார்ஸ் அதிலிருந்து கற்க மிக நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் பதினாறு மேலாளர்கள் நும்மிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கற்றுத் திரும்பியபோது, எங்கே, எதற்காக அவர்களைப் பயன்படுத்துவது என்ற திட்டம் யாரிடமும் இல்லை. ஆளுக்கு ஓர் ஆலையாகச் சிதறிப்போனார்கள். அங்கே இருந்த மேலாளர்கள் அவர்கள் சொன்னதைத் தங்கள் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் வான் நைஸ் ஆலையில் நும்மி முறையைக் கொண்டுவர முயன்றார்கள். அணிகள் அமைக்கப்பட்டன, கயிறும் தொங்கியது. ஆனால் மேற்பார்வையாளர்கள் இன்னமும் கார் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடப்பட்டதால், கயிறு இழுக்கப்படுவதை அவர்களே விரும்பவில்லை. தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் இது சங்கத்தை உடைக்கும் தந்திரம் என்று ஐயுற்றார்கள். அதுவரை நடந்தவற்றை எண்ணிப் பார்த்தால் அந்த ஐயத்தைக் குறை சொல்ல முடியாது. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. இதே ஆண்டுகளில் தலைமையகம் ரோபோக்களிலும் தானியங்கி இயந்திரங்களிலும் பல நூறு கோடி டாலர்களைக் கொட்டியது. மேற்பார்வையாளர்களைப் பழக்குவதற்கு அதில் ஒரு சிறு பங்குகூடத் தேவைப்பட்டிருக்காது. ஆனால் இயந்திரம் வாங்க மேல்மட்டத்தினர் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மேற்பார்வையாளரைத் தலைவராக்க வேண்டுமென்றால், அவரிடம் என்ன கேட்கிறோம் என்பதை முதலில் மேலே இருப்பவர்தான் மாற்ற வேண்டும்.

பின்னர் அந்த நிறுவனமும் தன் ஆலைகளுக்கெனப் பொதுவான உற்பத்தி முறை ஒன்றை வகுத்து, தரத்தில் முன்னேறியது. அதற்குள் சந்தையின் பெரும் பங்கு கைநழுவியிருந்தது. 2009 ஜூன் 1 அன்று அது திவால் பாதுகாப்புக் கோரியது. அந்த மாதத்திலேயே நும்மியிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. தனியே நடத்த டொயோட்டா முன்வரவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசிக் கார் வெளிவந்தபோது சுமார் 4,700 பேர் வேலையிழந்தார்கள். 1988இல் காப்பாற்றப்பட்ட வாக்குறுதியை இம்முறை காப்பாற்ற, லைனில் நின்ற எந்த அணித் தலைவராலும் குழுத் தலைவராலும் இயலவில்லை; அந்த முடிவு எடுக்கப்பட்ட அறைகளில் அவர்களுக்கு இடம் இல்லை. அந்த ஆண்டே டெஸ்லா நிறுவனம் ஆலையை 4.2 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.